ஒன்பது வாட்டுக்குள் 325 வோல்ட்

நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் சூரியனுக்கு முந்தியே விடிந்துவிடுகிறது. விடியக்காலை இருட்டில் டைமர் 'டக்'கென்று விழும். நீளக் கொட்டகையில் வரிசையாகப் பல்புகள் எரியும். கூண்டுக் கோழிகள் கழுத்தை நீட்டித் தீவனத்தைக் கொத்தத் தொடங்கும். முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நாமக்கல் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியில். ஆண்டிலேயே மிக நீளமான பகல்கூட இங்கே முக்கால் மணி கூடிய 12 மணி நேரம்தான். மிச்சமுள்ள மூன்று, நான்கு மணி நேரத்தைப் பல்புதான் ஈடுகட்டுகிறது. அது எரியாத இடத்தில் முட்டை குறையும்.

ஒரு கொட்டகைக்குப் பத்து, இருபது பல்பு போதாது. தூசி, ஈரம், கோழி எருவிலிருந்து எழும் அமோனியா, சித்திரை வெயிலில் கொதிக்கும் கூரை, மோட்டார் ஓடும்போது தொங்கிப்போகும் வோல்டேஜ் என்று எல்லாமே பல்புக்கு எதிரிகள். போன பல்பை வீசிவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டிருந்த பலர் இப்போது சிப் தகடு, டிரைவர், கூடு, மூடி என்று தனித்தனியாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்கிறார்கள். கடைகளில் இதற்கு 'ரா மெட்டீரியல்' என்று பெயர். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர்களும், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள். கைத்தொழிலாக நாலு பல்பு செய்து விற்கலாம் என்று இறங்கும் வீட்டுப் பெண்களும் உண்டு.

பூட்டுவது கடினமில்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் அரை நாளில் கை பழகிவிடும். பூட்டுவதற்கு முன் சிப்பையும் டிரைவரையும் சோதிக்கிறார்களே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. பெட்டியில் '9 வாட்' என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் கை பயம் விட்டுப்போகிறது. பழைய 100 வாட் குண்டு பல்போடு ஒப்பிட்டால் இது பொம்மை மாதிரி தோன்றும். ஆனால் வாட்டுக்கும் ஷாக்குக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். டிரைவருக்குள் நுழைந்ததும் அது நேர்மின்சாரமாகத் திருப்பப்பட்டு, ஒரு கெப்பாசிட்டரில் அந்த 325 வோல்ட்டாகவே உட்கார்ந்துகொள்கிறது. சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு சர்க்யூட் தகட்டில், சுவர் பிளக்கில் இருப்பதைவிடக் கடுமையான வோல்டேஜ்.

இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டு மெயின் போர்டில் உயிர்காக்கப் பொருத்தும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதற்கு மேல் உடம்பில் ஓடினால் இதயத்துக்கு ஆபத்து என்பதுதான் காரணம். 9 வாட் பல்புக்குள் இருக்கும் டிரைவரோ 100 மில்லி ஆம்பியரை, சிலவற்றில் 300 மில்லி ஆம்பியரைத் தருவதற்கென்றே கட்டப்பட்டது. அதன் இரண்டு வெளியீட்டு ஒயரையும் இரண்டு கையில் பிடித்தால் ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது. ஒரு கையில் போன மின்சாரம் மறு கை வழியே ஒழுங்காகத் திரும்பி வருகிறது, எர்த்துக்குக் கசியவே இல்லை. உடம்பும் ஒரு பல்புதான் என்று அது நினைத்துக்கொள்ளும்.

எல்இடி சிப்பின் இயல்பைத் தெரிந்துகொண்டால் சோதனை பாதி முடிந்த மாதிரி. வெள்ளை வெளிச்சம் தரும் சிப் உண்மையில் நீலச் சிப். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பரம்தான் அதை வெள்ளையாக்குகிறது. பிரகாசமான நீல எல்இடியை 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சாத்தியமாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி இந்திய அரசு எல்இடி பல்பு வழங்கும் உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. 2014 தொடக்கத்தில் அரசு நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது; சில ஆண்டுகளிலேயே அந்த விலை 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. அத்திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் போயிருக்கின்றன. உதிரிப் பாகங்கள் சந்தையில் மலிந்து கிடப்பதற்கும், அவற்றோடு கழிவுச் சரக்கும் கலந்து வருவதற்கும் இந்த விலைச் சரிவுதான் பின்னணி.

ஒரு வெள்ளைச் சிப் எரிய ஏறத்தாழ 3 வோல்ட் போதும். குண்டு பல்பின் இழை சூடாகச் சூடாகத் தன் தடையைக் கூட்டிக்கொண்டு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். எல்இடிக்கு அந்தப் புத்தி கிடையாது. 3 வோல்ட்டைத் தாண்டிச் சிறிது ஏற்றினாலும் கரண்ட் தாவி ஏறும், சூடாகும், சூட்டில் இன்னும் அதிகமாக இழுக்கும். அதனால்தான் எல்இடிக்கு வோல்டேஜை அளந்து கொடுத்தால் போதாது, கரண்டைக் கட்டுப்படுத்திக் கொடுக்க வேண்டும். டிரைவர் செய்யும் வேலை அதுதான். 'பல்பு போச்சுங்ணா' என்று கடைக்குக் கொண்டுவரப்படுகிறவற்றில் சிப் தானாகச் செத்தது குறைவு. டிரைவர் செத்ததோ, டிரைவரோ சூடோ சிப்பைக் கொன்றதோதான் அதிகம்.

ஆகவே இரண்டையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் சிப் தகடு, அதுவும் வீட்டு மின்சாரத்தின் பக்கமே போகாமல்.

இதற்கு மிக மலிவான கருவி ஒரு 12 வோல்ட் அடாப்டரும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரும். ரெசிஸ்டரைத் தொடராக வைத்துச் சிப்பின் இரு முனையிலும் தொட்டால், 12-இல் 3 போக மிச்சம் 9 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். ஓடுவது 9 மில்லி ஆம்பியர்தான். சிப் கண்ணைக் கூசவைக்காமல் எரியும், சூடாகாது, தொட்டவருக்கும் ஒன்றும் ஆகாது. முனை மாற்றித் தொட்டால் எரியாது. திருப்பிவைத்துப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் டயோடு குறியிலும் பார்க்கலாம். ஆனால் மலிவு மீட்டர்கள் பலவற்றில் முனைகளுக்கு வரும் வோல்டேஜ் 3-ஐ எட்டாது. நல்ல சிப்பே எரியாமல் ஏமாற்றும்.

இந்த ஏமாற்றம் இன்னொரு வகையிலும் வரும். 2835 என்று சொல்லப்படும் சிப், 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர் அளவு. அந்த எண் அளவைத்தான் சொல்கிறது, வோல்டேஜை அல்ல. ஒரே 2835 கூட்டுக்குள் ஒரு சிப் இருந்தால் 3 வோல்ட். மூன்றைத் தொடராக அடைத்திருந்தால் 9 வோல்ட். 18 வோல்ட் வகையும் உண்டு. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு பென்சில் பேட்டரியை வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, எரியவில்லை என்று நல்ல தகட்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. மஞ்சள் பரப்பில் உற்றுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் கரும்புள்ளி மட்டும் பொய் சொல்லாது. அது வெந்துபோன சிப். தொடரில் ஒன்று அறுந்தாலும் தகடு முழுவதும் அணைந்துவிடும்.

செத்த சிப்பின் மேல் ஈயத்தை ஒழுகவிட்டு இரு முனையையும் இணைத்துவிடுவது பட்டறைகளில் வழக்கமான வைத்தியம். ஒழுங்கான டிரைவராக இருந்தால், ஒரு சிப் குறைந்ததால் மற்றவற்றுக்குக் கரண்ட் கூடிவிடாது. அந்த வரையில் வைத்தியம் பலிக்கும். ஆனால் அந்தச் சிப் ஏன் வெந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் பின்னால் வெப்பக் களிம்பு ஒட்டாமல் போயிருக்கும். அடுத்த மாதம் பக்கத்துச் சிப்பில் கரும்புள்ளி விழும்.

டிவி பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் எல்இடி டெஸ்டர் என்ற சிறு பெட்டி இந்த வேலைக்கு வசதியானது. சிப்புக்கு எத்தனை வோல்ட் வேண்டுமோ அதைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். அதன் முனைகளில் எதுவும் இணைக்காதபோது 300 வோல்ட் வரை நிற்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேசையில் கிடக்கும் அந்த முனையை மறதியாக எடுத்துப் பிடித்தவர் அடுத்த முறை மறக்க மாட்டார்.

சிப் சோதனையில் கண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. மூடியில்லாத தகட்டை முழுப் பிரகாசத்தில் எரியவிட்டு நேராகப் பார்க்கக் கூடாது. ஒரு வெள்ளைத் தாளை மேலே பிடித்தாலே எந்தச் சிப் மங்கல், எது நீலம் பாய்ந்திருக்கிறது என்பது தாளில் தெரிந்துவிடும்.

அடுத்தது டிரைவர். இதில் இரண்டு சாதிகள் இருப்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றில் உள்ளே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, வீட்டு மின்சாரத்தையும் சிப் பக்கத்தையும் பிரித்து வைக்கும். மற்றொன்றில் அப்படி எந்தப் பிரிவும் இல்லை. சிப் தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஃபேஸோடு தொடர்பில் இருக்கும். விலை குறைந்த பல்புகளில் இரண்டாம் வகைதான் பெரும்பாலும். டிரைவரும் சிப்பும் ஒரே அலுமினியத் தகட்டில் வரும் 'டிஓபி' எனப்படும் தகடுகளும் இந்த இரண்டாம் வகைதான். அதில் வெளியீடு 30 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது இரண்டு ஒயருக்கும் இடையில் உள்ள வித்தியாசம். தரையில் நிற்கும் மனிதனுக்கும் அந்த ஒயருக்கும் இடையில் முந்நூறு வோல்ட் இருக்கலாம்.

இது எந்த வகை என்று அறிய, மின்சாரமே கொடுக்காமல் மல்டிமீட்டரின் ஓம் குறியில் உள்ளீட்டு ஒயருக்கும் வெளியீட்டு ஒயருக்கும் இடையே, முனைகளை மாற்றி மாற்றி அளக்கலாம். எதிலும் முள்ளோ எண்ணோ அசையாவிட்டால் பிரிக்கப்பட்ட வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏதாவது எண் காட்டினால் சந்தேகமே வேண்டாம், பிரிக்கப்படாத வகை. மல்டிமீட்டர் காட்டாததாலேயே இன்சுலேஷன் உறுதியானது என்று ஆகிவிடாது. அதற்கு 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். உலோகக் கூட்டில் பூட்டப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஈரக் கையோடு கொட்டகையைக் கழுவுகிறவர் அந்தக் கூட்டைத் தொடுவார்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது எலக்ட்ரீசியன்களின் பழைய துணை ஒன்று இன்றைக்கும் கைகொடுக்கிறது: சீரிஸ் போர்டு. ஒரு 60 வாட் குண்டு பல்பை ஃபேஸ் வழியில் தொடராகப் போட்டு, அதற்குப் பின்னால் டிரைவரை இணைப்பார்கள். டிரைவருக்குள் ஷார்ட் இருந்தால் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அப்போதும் ஓடுவது கால் ஆம்பியர்தான். வெடிப்பு இல்லை, புகை இல்லை, ஃப்யூஸ் போகாது. டிரைவர் நல்லதாக இருந்தால் கெப்பாசிட்டர் நிரம்பும் ஒரு கணம் குண்டு பல்பு மினுங்கிவிட்டு அடங்கிவிடும். குண்டு பல்பு கடைகளில் அருகிவரும் காலத்தில் இதற்காகவே இரண்டு வாங்கி எடுத்துவைத்திருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

சீரிஸ் போர்டு பொருளைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. தொட்டால் உடம்பில் பாயக்கூடிய சில நூறு மில்லி ஆம்பியரை 60 வாட் பல்பு தாராளமாக விட்டுக்கொடுக்கும். வேரியாக்கும் அப்படித்தான். வோல்டேஜைச் சுழற்றிக் குறைக்கிறதே என்ற தைரியத்தில் தொடுவார்கள். வேரியாக் ஒரே சுற்றில் கட்டப்பட்டது, ஃபேஸை அது பிரிப்பதில்லை. உண்மையில் பிரித்துக் கொடுப்பது ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். நாள்தோறும் இந்த வேலை செய்கிறவர் செலவழிக்க வேண்டிய முதல் பணம் அதற்குத்தான். அது இருந்தும் இரண்டு முனையை இரண்டு கையால் தொட்டால் ஷாக்தான். அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் இடது கையை முதுகுக்குப் பின்னாலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் அளப்பார்கள். மேசை மரமாக இருக்க வேண்டும், காலுக்கு ரப்பர் பாய் வேண்டும். மீட்டரின் முனைகளை இணைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும், சுவிட்ச் போட்ட பிறகு முனைகளைத் தேடிப் போகக் கூடாது.

மீட்டரைப் பற்றி ஒன்று. கரண்ட் அளக்கச் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் குழிக்கு மாற்றியிருப்பார்கள். அடுத்து மெயினில் வோல்ட் அளக்கப் போகும்போது அதை மறுபடி மாற்ற மறந்துவிடுவார்கள். அந்த நிலையில் மீட்டர் என்பது ஒரு துண்டுக் கம்பி. ஃபேஸையும் நியூட்ரலையும் கம்பியால் இணைத்தால் என்ன நடக்குமோ அது கைக்குள்ளேயே நடக்கும்.

டிரைவரை வெறுமனே, சுமையில்லாமல் ஆன் செய்து வோல்டேஜ் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கரண்டைச் சீராகக் கொடுக்கவேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. எதுவும் இணைக்கப்படாதபோது கரண்டைத் தள்ளிப் பார்க்கும் முயற்சியில் வோல்டேஜைத் தன் உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும். 30 வோல்ட் என்று எழுதியது 50-ஐத் தாண்டிக் காட்டலாம். அதைப் பார்த்து டிரைவர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது ஒரு பிழை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'சரி, இப்போது சிப்பைத் தொட்டுப் பார்ப்போம்' என்று ஒயரை வைப்பது அதைவிடப் பெரிய பிழை. வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் தேங்கிய உயர் வோல்டேஜ் மொத்தமும் ஒரே நொடியில் சிப்பில் இறங்கும். ஒரு மின்னல் வெட்டு, பிறகு கரும்புள்ளி. எத்தனையோ நல்ல தகடுகள் சோதனை மேசையிலேயே செத்திருப்பது இப்படித்தான். முதலில் சிப்பை இணைக்க வேண்டும், பிறகுதான் சுவிட்ச்.

சிப் தகட்டைப் பணயம் வைக்க விரும்பாதவர்களுக்கு ரெசிஸ்டர் இருக்கிறது. 30 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் டிரைவருக்கு 100 ஓம் சரியான சுமை. அதில் 9 வாட் சூடாக இறங்கும் என்பதால் 25 வாட் தாங்கும் பீங்கான் ரெசிஸ்டராகப் போடுவது நல்லது. அதிலும் விரல் வைத்தால் கொப்புளிக்கும். அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 30 வோல்ட் காட்டினால் கரண்ட் 300 என்று அர்த்தம். மீட்டரின் கரண்ட் குழிக்கே போக வேண்டியதில்லை.

அணைத்த பிறகும் வேலை முடியவில்லை. சிப் தகடு அறுந்துபோன பல்பில், உள்ளே தேங்கிய 325 வோல்ட் வடிய வழியில்லாமல் அப்படியே நிற்கலாம். அதை ஸ்க்ரூ டிரைவரால் 'சடக்'கென்று ஷார்ட் பண்ணி வடிப்பது வீரம் போலத் தெரியும். கெப்பாசிட்டரும் கெடும், பொறி கண்ணுக்கும் பாயும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு இன்சுலேட்டட் முனை கட்டி, சில விநாடி தொட்டுப் பிடித்து, மீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் கை வைப்பதே முறை.

இந்தப் படிகளையெல்லாம் பார்த்து மலைப்பவர்கள், பேட்டரியில் எரியும் விளக்கிலிருந்து தொடங்கலாம். ஐஐடி பம்பாய் முன்னெடுத்த சூரிய விளக்குத் திட்டத்தில், மின்னணு முன்பின் தெரியாத கிராமத்துப் பெண்கள் ஒரு வாட் எல்இடி படிப்பு விளக்குகளைப் பூட்டவும் சோதிக்கவும் பழகினார்கள். ராஜஸ்தானின் துங்கர்பூரில் பழங்குடிப் பெண்கள் அதைத் தொழிலாகவே வளர்த்தெடுத்தார்கள். அங்கே கை தவறினால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். தொழில் பழகுகிறவர்கள் மூன்று, நான்கு வோல்ட்டில் நூறு பிழை செய்துவிட்டு, அதன் பிறகு 230-க்கு வரலாம்.

தனித்தனியாகச் சிப்பும் டிரைவரும் தேறிவிட்டன. இரண்டையும் பூட்டி எரியவிட்டால் எரிகிறது. இங்கேயே சோதனை முடிந்தது என்று பெட்டி கட்டுகிறவர்கள் ஏராளம். நாமக்கல் வெயிலுக்கு அது போதாது.

9 வாட் பல்பில் வெளிச்சமாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஆறு வாட் சூடு. குண்டு பல்பு தன் சூட்டை வெளிச்சத்தோடு முன்னால் வீசியது. எல்இடி அதை முதுகு வழியாகத்தான் இறக்க வேண்டும். சிப்பிலிருந்து அலுமினியத் தகடு, அங்கிருந்து வெப்பக் களிம்பு, கூடு, பிறகு காற்று. அந்தக் காற்றே மே மாதத்தில் 40 டிகிரி. தகரக் கூரையை ஒட்டி இன்னும் கூடுதல். டிரைவரில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் போடும் கணக்கு. ஏசி அறையில் ஐந்து வருடம் ஓடும் பல்பு, கொட்டகைக் கூரைக்குக் கீழே ஒன்றரை வருடத்தில் உயிரை விடுவதில் மர்மம் எதுவுமில்லை.

எனவே பூட்டிய பல்பைச் சில மணி நேரமாவது, முடிந்தால் ஒரு முழு நாள், அது தொங்கப்போகும் நிலையிலேயே தலைகீழாகவோ மூடியோடோ எரியவிட்டுச் சூட்டை அளக்க வேண்டும். தொழிற்சாலைகளில் இதை ஏஜிங் என்பார்கள். விரல் வைத்துப் பார்ப்பது அளவையாகாது. பிரிக்கப்படாத டிரைவராக இருந்தால் அது தற்கொலை முயற்சியும்கூட. துப்பாக்கி போலப் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இப்போது மலிவு. பளபளக்கும் அலுமினியத்தில் அதை நீட்டினால் இருப்பதைவிட வெகு குறைவாகக் காட்டி ஏமாற்றும். தகட்டின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்த டேப்பைக் குறிபார்த்தால் உண்மை தெரியும்.

வோல்டேஜும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. மாலையில் சுற்றுப்புறத்து மோட்டார்கள் ஓடும்போது லைனின் கடைசியில் இருக்கும் பண்ணையில் 180-க்கு இறங்கும், நள்ளிரவில் 250-ஐத் தொடும். வேரியாக்கில் 160 முதல் 270 வரை மெல்லச் சுழற்றி, டிரைவர் கரண்டைப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடலாம். நியூட்ரல் ஒயர் எங்கேனும் அறுந்தால் மட்டும் நிலைமை வேறு: ஒரு ஃபேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை நுழையலாம். உள்ளே அதன் உச்சம் 560-ஐத் தாண்டும். 400 வோல்ட் தாங்க எழுதப்பட்ட கெப்பாசிட்டர் பட்டாசாகும். தெருவில் பல வீட்டு பல்பு ஒரே இரவில் போனால் குற்றவாளி பல்பு அல்ல.

லாரிப் பட்டறைகளில் வேறு மாதிரித் தவறு. லாரி பேட்டரி 24 வோல்ட். ஆகவே 24 வோல்ட் எல்இடி பட்டை என்று வாங்கி டிரைவர் இல்லாமல் இணைக்கிறார்கள். ஏழு சிப் தொடருக்கு 21 வோல்ட், மிச்சம் 3 வோல்ட் அதிலுள்ள ரெசிஸ்டருக்கு என்று பட்டை கணக்கிடப்பட்டிருக்கும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது லைனில் 28 வோல்ட் நிற்கும். ரெசிஸ்டரின் பங்கு 3-லிருந்து 7-ஐ நோக்கி ஏறுகிறது. கரண்ட் இரட்டிப்பை ஒட்டிப் போகிறது. பட்டறையில் நிறுத்திவைத்த லாரியில் அழகாக எரிந்த பட்டை, ஓடத் தொடங்கிய சில வாரத்தில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி இருண்டிருக்கும். சோதனை மேசையில் 28 வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

விசைத்தறிக்காரர்கள் பார்க்க வேண்டியது துடிப்பு. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. மலிவு டிரைவரில் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண் அதை உணராது. ஆனால் அதே தாளத்துக்கு ஒத்துப்போகும் வேகத்தில் சுழலும் சக்கரம் நின்றுவிட்டது போலவோ மெல்லப் பின்னோக்கிச் சுழல்வது போலவோ தெரியும். நின்றிருப்பதாக நினைத்துக் கை நீட்டுவது எவ்வளவு ஆபத்து என்று தறிக்கூடத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தடுக்க ட்யூப்லைட் காலத்தில் அடுத்தடுத்த விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டார்கள். இன்றைக்குச் சோதனை சுலபம்: செல்பேசிக் கேமராவை எரியும் பல்புக்கு நேரே பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். பட்டை எவ்வளவு அழுத்தமோ துடிப்பு அவ்வளவு மோசம்.

இந்தச் சோதனை கோழிக்கும் தேவைப்படுகிறது. வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் மனிதனைவிட வேகமான துடிப்பைக் கோழியின் கண் பிரித்தறியும். ஆய்வகங்களில் விநாடிக்கு 85 முதல் 100 வரை அளந்திருக்கிறார்கள். நமக்குச் சீராகத் தெரியும் பல்பு அதற்கு மினுமினுப்பாகத் தெரியக்கூடிய எல்லை அது. இன்னொன்று: கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டின் வழியே ஊடுருவி மூளையின் அடிப்பகுதியைத் தொடும் ஒளியும் முட்டையிடும் சுரப்பிகளைத் தூண்டுகிறது. சிவப்பு ஒளிதான் அவ்வளவு ஆழம் போகும். பளிச்சென்ற நீல வெள்ளையைவிட மஞ்சள் சாய்ந்த வார்ம் வெள்ளையில் சிவப்புப் பங்கு கூடுதல். கடையில் எது மிச்சமோ அதை வாங்கிப் பூட்டுவதற்கு முன் பண்ணைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி இது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுத் தொழில் செய்கிறவர்களுக்கு உடனே புரியக்கூடிய ஒரு கோளாறும் எல்இடிக்கு உண்டு. சிப் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தின் அடியில், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப, வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். கந்தகம் பட்டால் கொலுசு கறுப்பதைப் போலவே அதுவும் கறுக்கும். எருக்குழியிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடும் கந்தகம் கலந்த சில ரப்பர் வளையங்களும் போதும். மேலே மூடியிருக்கும் சிலிகான் வாயுவைத் தடுக்காது. பல்பு அணையாது; நாளுக்கு நாள் மங்கிப் பழுப்பேறும். எந்த மீட்டரும் இதை முதல் நாளில் காட்டிக்கொடுக்காது. தூசியும் நீர்ப் பீய்ச்சலும் புகாத ஐபி 65 தரக் கூடு பாதிப்பைத் தள்ளிப்போடும்.

தன் பண்ணைக்குத் தானே பூட்டிக்கொள்வது ஒன்று, விற்பது வேறு. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-இல் வந்தது. 2014-இல் அதன் பட்டியலில் எல்இடி பல்பும் டிரைவரும் சேர்க்கப்பட்டன. பல்பின் பாதுகாப்புக்கு ஐஎஸ் 16102, டிரைவருக்கு ஐஎஸ் 15885 என்ற தரங்களின்படி அங்கீகரித்த ஆய்வகத்தில் தேறி, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவெண் பெற்ற பிறகே சந்தைக்கு விட முடியும். டிரைவர் வாங்கும்போது அதன் உடம்பில் 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு காசு செலவில்லாத சோதனை.

மேசையில் எல்லாம் தேறிய பிறகும் அனுபவப்பட்ட பண்ணைக்காரர்கள் இருநூறு பல்பை ஒரே நாளில் மாட்டுவதில்லை. நான்கைப் பூட்டி, தேதியை மார்க்கர் பேனாவால் கழுத்தில் எழுதி, கொட்டகையின் மிகச் சூடான மேற்குக் கோடியில் இரண்டும் எரு ஈரம் அதிகமுள்ள இடத்தில் இரண்டுமாகத் தொங்கவிடுகிறார்கள். தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் நாள் இரண்டு, மின்தடை நாள் இரண்டு, மழை ஒன்று அதற்குள் வந்துபோக வேண்டும். பிறகு கழற்றி, ஒரு பெயர்பெற்ற பல்பின் பக்கத்தில் வைத்து, வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.